குழவிக்கல்லோடு ஒரு ஒத்திகை

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் வீடு செங்கம் ரோட்டில், அண்ணாமலை அடிவாரத்து ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது. ஆசிரமத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்களுக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்தில் அறை விடுவது அப்போதே வழக்கம். எங்கள் பின்கட்டிலும் ஓர் அறை காலியாகக் கிடந்தது. அதைக் கேட்டுக்கொண்டு ஒரு மத்தியானம் ஒரு வெள்ளைக்காரரும் அவர் பெண்சாதியும் வந்து நின்றார்கள். இரண்டு பேர் முதுகிலும் ஆளுக்கொரு மூட்டை. அந்தப் பெண்ணின் மூட்டைமேல் துவைத்த துணி காய்ந்துகொண்டிருந்தது.

என் மாமியார் அவர்களை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே வந்து என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: "பாவம்மா. சொந்தபந்தம்னு ஒருத்தரும் இல்ல போல. இருந்திருந்தா இவ்ளோ கம்மியா மூட்ட கட்டி அனுப்புவாங்களா?"

வாடகை பேச வேண்டிய என் வீட்டுக்காரர் வாடகையை மறந்துவிட்டு அவர்களிடம் வாயைப் பிளந்து கதை கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பஸ் கம்பெனியில் டிக்கெட் போடுகிற வேலையில் இருந்தார். வேலூர், சென்னை, பெங்களூர் என்று நாள் முழுக்கப் பிறத்தியாருக்குக் கிழித்துக் கொடுப்பார். தனக்கென்று ஒரு டிக்கெட் கிழித்துக்கொண்டதில்லை. அந்தத் தம்பதியோ அவர்கள் ஊரிலிருந்து துருக்கி, பாரசீகம், ஆப்கானிஸ்தானம் என்று தரைவழியாகவே வந்திருந்தார்கள். கிடைத்த லாரியில் ஏறுவார்களாம், ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் படுப்பார்களாம், வேர்க்கடலையும் வாழைப்பழமும் இருந்தால் ஒரு வேளை முடிந்ததாம். கல்யாணமா, வியாபாரமா, வேண்டுதலா, எதற்காக வந்தீர்கள் என்று இவர் மாற்றி மாற்றிக் கேட்டும், ஊர் பார்க்க வந்தோம் என்ற ஒரே பதில்தான் வந்தது.

அன்று ராத்திரி சாப்பாட்டில் இவர் அதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, மெதுவாக என் பக்கம் திரும்பி, "நாமகூட இப்படிப் போவலாம், இல்ல?" என்றார். மாமியார் கொல்லைப்பக்கம் போயிருந்த நேரம் பார்த்துத்தான் சொன்னார். அவர் தைரியம் அவ்வளவுதான்.

நான் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகி நாலு வருஷம். அதில் நானும் அவரும் தனியாக ஓரிடத்துக்குப் போனதில்லை. என் பிறந்த வீடு கீழ்பென்னாத்தூர். அங்கே போவதென்றாலும் மாமியார், மாமியாரின் தங்கை, அவர் சுமக்கிற பலகாரக் கூடை எல்லாம் சேர்ந்துதான் போகும். சினிமாவுக்குப் போனாலும் கொட்டகையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். படம் விட்ட பிறகு வாசலில் வைத்துத்தான் புருஷனைப் பார்க்கலாம். இந்த ஒரு தடவையாவது இரண்டு பேராகக் கிளம்பிவிட வேண்டும் என்ற வெறி எனக்கு வந்துவிட்டது. பொறுமைசாலி என்று என்னை யாரும் சொன்னதில்லை.

காசிவரை ரயில், அங்கிருந்து எல்லைவரை ரயில், பிறகு லாரி பிடித்து நேபாளம் என்று திட்டம் போட்டோம். செலவு குறைவாக, அவர்களைப் போலவே. சங்கடம் ஒன்றுதான். எங்கள் வீட்டில் ஊரை விட்டுக் கிளம்பக் கல்யாணம், சாவு, வேண்டுதல் என்று மூன்று காரணங்கள்தான் செல்லும். "ஊர் பார்க்க" என்று போய் நின்றால் மாமியார் மந்திரிக்க ஆள் கூப்பிடுவார். அதனால் எப்போது சொல்வது, யார் சொல்வது என்பதை நாங்கள் ஒருவர் தலையில் ஒருவர் கட்டிக்கொண்டே நாளைக் கடத்தினோம்.

முதலில் பை வேண்டும் அல்லவா? இவர் வெள்ளைக்காரர் பையைக் கடன் வாங்கிக்கொண்டுபோய்த் தையல்காரரிடம் காட்டினார். தையல்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காக்கித் துணி எடுத்து வரச் சொல்லி, இவருக்கு மார்பளவு, தோளளவு, கையளவுகூட எடுத்தார். பிறகு, "ஊட்ல அவங்களுக்கும் வேணும்னா அளவு ஜாக்கெட் ஒண்ணு குடுத்தனுப்புங்க" என்றார். பைக்கு எதற்கு ஜாக்கெட் என்று இவர் கேட்டதற்கு, "உடம்புல மாட்றதுக்கு அளவு இல்லாம எப்பிடி தெக்கறது?" என்று கோபித்துக்கொண்டாராம். கடைசியில் ஜாக்கெட் போயிற்று. என் பை முதுகில் கச்சிதமாக உட்கார்ந்தது. அதில் கொக்கிகளும் இருந்தன.

அடுத்தது பழக வேண்டும் என்றார் இவர். மூட்டையோடு ஒரு நாள் முழுக்க நடந்து பார்க்காமல் நேபாளத்தில் போய் முதுகு பிடித்துக்கொண்டால் யார் தூக்குவது? எங்கள் ஊரில் நீளமாக நடப்பதென்றால் மலையைச் சுற்றுவதுதான். கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளாகப் பார்த்து, கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, விடிவதற்குள் கிளம்பினோம். பையில் கனம் வேண்டுமே. இவர் பையில் இரண்டு செங்கல். எனக்குச் செங்கல் குத்தும் என்று நானே யோசித்து, அம்மிக்குழவியை எடுத்து, உருளாமல் இருக்கப் பழைய புடவைக் கிழிசலில் நன்றாகச் சுற்றி உள்ளே வைத்தேன். அதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை நான் செய்ததில்லை.

பாதி வழிவரை எல்லாம் சுகமாகத்தான் இருந்தது. வெயில் ஏறவில்லை. ரோட்டில் ஆளும் இல்லை. இவர் என் பக்கத்திலேயே நடந்தார். வீட்டாரோடு போகும்போது முன்னால் நடப்பவர். காசியில் எங்கே படுப்பது, லாரிக்காரன் கேட்டால் எந்த மொழியில் பேசுவது என்று பேசிக்கொண்டே போனோம். இந்தியில் அவருக்குத் தெரிந்தது எண்கள் மட்டும்தான். அதையும் பஸ் டிக்கெட் விலைக்கு மேல் போகாமல் கற்றிருந்தார். நான் சிரித்த சிரிப்பில் பை தோளிலிருந்து நழுவியது.

அடி அண்ணாமலையில் ஒரு பெட்டிக்கடை முன்னால் உட்கார்ந்தோம். பையைக் கழற்றி வைக்கும்போது கொக்கி விட்டுப்போய்க் கிழிசலின் நுனி வெளியே வந்தது. கடைக்காரம்மா தேங்காய் விற்கிற கையோடு எட்டிப் பார்த்தார். துணியை விலக்கினார். உள்ளே குழவி. எங்கள் பக்கம் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற நாளில் தொட்டிலில் முதலில் குழவியைத் துணி சுற்றிக் கிடத்தித்தான் ஆட்டுவார்கள். அந்தம்மா என் முகத்தைப் பார்த்தார், இவர் முகத்தைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார்.

"எத்தினி வருசம்மா ஆச்சு?"

"நாலு" என்று சொல்லிவிட்டேன். எதைக் கேட்கிறார் என்று யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

அவர் கண் கலங்கிவிட்டது. பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். குழவிக்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, பூ சுற்றித் திருப்பி என் பையில் வைத்தார்கள். "கல்ல சொமந்தவளுக்குப் புள்ளய சொமக்கிற வரத்த குடுக்கணும், அண்ணாமலையாரே" என்று ஒருவர் மலையைப் பார்த்துக் கும்பிட்டார். என் வீட்டுக்காரர் தன் பையில் இருந்த செங்கல்லைப் பற்றி மூச்சுவிடவில்லை. வீடு கட்டுகிற வேண்டுதல் என்று அதற்கும் குங்குமம் வைத்திருப்பார்கள்.

டவுனுக்குப் போகிற மாட்டுவண்டி ஒன்றில் இந்தச் செய்தி எங்களுக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. வாசலில் மாமியார் சொம்புத் தண்ணீரோடு நின்றார். என் காலில் ஊற்றிக் கழுவினார். நான் வேண்டாம் வேண்டாம் என்று பின்வாங்க, "சும்மா இரும்மா" என்று அதட்டினார். பிறகு மகனைப் பார்த்து, "எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடா. எத்தினி தடவ சுத்தறதா வேண்டிக்கினீங்க?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். எதிரே அம்மாவின் முகம். "மூணு" என்றார். நான் அவர் கையைக் கிள்ளினேன். அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "அப்புறம் காசிக்குப் போயி முடிக்கணும். அங்கேருந்து நேபாளம். ரெண்டு பேரா மட்டும்."

"போய்ட்டு வாங்க" என்றார் மாமியார். அவ்வளவுதான். எத்தனையோ நாள் ராத்திரி முழித்துக்கொண்டு யோசித்த விஷயம் ஒரு வார்த்தையில் முடிந்தது.

வேண்டுதல் மட்டும் எங்கள் கையை மீறிப்போயிற்று. அடுத்த பௌர்ணமிக்கு மலையைச் சுற்றுகிற கூட்டத்தில் பாதிப் பெண்கள் முதுகில் மூட்டை. சிலர் பின்னால் கட்டிக்கொள்ளத் தெரியாமல் இடுப்பில் வைத்திருந்தார்கள். அன்றைக்கு எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் சட்னி அரைக்கவில்லை. குழவியெல்லாம் மலையைச் சுற்றப் போயிருந்தது. எங்கள் தையல்காரருக்கு அளவு ஜாக்கெட் வந்து குவிந்தது. பின்கட்டு வெள்ளைக்காரத் தம்பதி இது என்ன என்று கேட்க, இவர் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினார். அவர்களுக்கு என்ன புரிந்ததோ, கனம் குறைக்கிறோம் என்று பல் துலக்கும் பிரஷ்ஷின் பிடியையே பாதி வெட்டி வைத்திருந்தவர்கள், ஆளுக்கொரு கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பக்தியோடு சுற்றி வந்தார்கள். கொஞ்ச நாளில் தெற்கே புறப்பட்டுப் போனபோது கல்லையும் கொண்டுபோனார்களா என்று எனக்குத் தெரியாது.

நாங்கள் கிளம்புகிற நாள் நெருங்க நெருங்க என் வீட்டுக்காரர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. அங்கே தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா என்றார். குளிர் ஜாஸ்தியாமே என்றார். லாரியில் தூக்கம் வந்தால் எங்கே சாய்வது என்றார். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று, பை கட்டியாயிற்று. புறப்படுவதற்கு முந்தின சாயந்திரம் வேலையிலிருந்து வந்தவர் செருப்பைக் கழற்றாமலே, "முதலாளி லீவு இல்லன்னுட்டார்" என்றார்.

வருத்தமாகத்தான் சொன்னார். ஆனால் நாலு வருஷம் ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அதில் இருக்கிற நிம்மதி தெரியாதா? எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசினேன் என்பதே முழுசாக நினைவில்லை. ஊருக்கெல்லாம் டிக்கெட் கிழிக்கிறீர்கள், பெண்டாட்டிக்கு ஒரு டிக்கெட்டுக்குத் துப்பில்லையா என்று கேட்டது நினைவிருக்கிறது. பிறகு பையைக் கட்டிக்கொண்டு அழுதேன். இனி இந்த ஜென்மத்தில் எங்கேயும் போகப்போவதில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

மாமியார் அடுப்படியிலிருந்து வந்தார். மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மகனுடைய பையைத் திறந்து அவருடைய வேட்டி சட்டையையெல்லாம் எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். உள்ளே போய்த் தன் புடவைகளைக் கொண்டுவந்து அதில் அடுக்க ஆரம்பித்தார்.

"நீ எங்கம்மா?" என்றார் இவர், பதறிப்போய்.

"வேண்டுதலடா. பாதியில உட்டா ஊட்டுக்கு ஆவுமா? உனக்கு லீவு இல்ல. எனக்கு யாரு லீவு குடுக்கணும்?"

"புள்ளைக்கு வேண்டிக்கினு மாமியாரும் மருமகளும் போவாங்களா?"

"நீ வந்துதான் இன்னா கிழிக்கப்போற, டிக்கெட் தவிர" என்றார் மாமியார். நான் அழுகையிலேயே சிரித்துவிட்டேன்.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்கு மாமியார் பையை முதுகில் மாட்டிக்கொண்டே நடந்து வந்தார். மகனுடைய அளவுக்குத் தைத்தது, அவருக்குத் தொளதொளவென்று தொங்கியது. காட்பாடியில் இறங்கி வண்டி மாற வேண்டும், யாரோடும் பேசக் கூடாது, யாராவது கொடுத்தால் சாப்பிடக் கூடாது என்று இவர் ஜன்னலோரம் நின்று அடுக்கிக்கொண்டே இருந்தார். வண்டி நகர்ந்தபோது பிளாட்பாரம் முடிகிறவரை கூடவே நடந்து வந்தார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் இறங்கிவிடலாம் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மாள் எங்கள் பைகளைக் கவனித்துக்கொண்டே இருந்தவர், "மலைய சுத்தற வேண்டுதலுங்களா? எங்க போறீங்க?" என்று கேட்டார்.

நான் பதிலைத் தேடிக்கொண்டிருந்தேன். மாமியார் யோசிக்கவே இல்லை. "வேண்டுதலெல்லாம் ஊட்ல சொல்லிக்கினு கெளம்பறதுக்குங்க. நாங்க ஊரு பாக்கப் போறோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குனிந்து மெதுவாக, "அத்தே, எப்போலேருந்து தெரியும்?" என்றேன்.

"மொத நாளே தெரியும். வேண்டிக்கினு சொமந்த கல்ல எவளாவது அன்னிக்கி சாயங்காலமே கழுவி எடுத்துத் தொவையல் அரைப்பாளா? மஞ்ச வாசனையோட நான்தானே துன்னேன்."

"அப்போ ஏன் ஒண்ணும் சொல்லல?"

"சொல்லியிருந்தா இந்த ரயிலு ஏது?" என்றார். "நீயும் ஊட்ல, நானும் ஊட்ல."

பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, "அடுத்தாப்ல எந்த ஊரும்மா வரும்?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் முகத்தைக் கம்பியில் பதித்து வெளியே பார்த்துக்கொண்டு போனோம்.