நாடி கிடைக்காத மாதம்மா

நர்ஸ் வேலையில் நாடி பிடிப்பதுதான் சுலபம் என்பார்கள். வார்டில் நின்று நின்று கால் வீங்கிய உங்களுக்குத் தெரியும், அந்தச் சுலபமான வேலைதான் நம்மை நிம்மதியாக உட்காரவிடாது. எழுபதுகளில், தருமபுரியில் ஒரு ஆஸ்பத்திரியில் நான் தவித்த தவிப்பைச் சொல்கிறேன்.

இரண்டு கையிலும் இல்லை

காரிமங்கலம் பக்கத்திலிருந்து மாதம்மா வந்தாள். சின்ன வயசு. களை வெட்டினால் கை மரத்துப்போகிறது, லேசான காய்ச்சல் விடவே மாட்டேன் என்கிறது என்றாள். இடது மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி இல்லை. வலது கையிலும் இல்லை. ஆளோ என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்! ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தேன். அவர் தொடையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார், எகிறிக் கிடந்தது.

"ரத்தக்குழாயோட சுவரே அழற்சியில தடிச்சு அடைக்குது. கைக்கு ரத்தம் சரியாப் போகல" என்று விளக்கினார். அவள் புருஷன் முனியப்பன் நம்பவில்லை.

"காலையில என்னை அந்தப் பேச்சு பேசுனாளுங்க. நாடி இல்லாதவளா அப்படிப் பேசுவா?"

முகம் உப்பிய கதை

அழற்சி அடங்க ஸ்டீராய்டு மாத்திரை, பிரஷருக்கு வேறொன்று. டாக்டரம்மாவைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். கொஞ்ச நாளில் காய்ச்சல் விட்டது, ஆனால் மாத்திரையால் முகம் பூசணிக்காயாக உப்பியது, வயிறும் பெருத்தது. அப்புறம் ஆளைக் காணோம். வெளி வராந்தாவில் சேலைத் தலைப்பு அசைந்தாலே எட்டிப் பார்ப்பேன். ஒருநாள் அவளாகவே வந்தாள், மாத்திரையை நிறுத்திவிட்டு.

"பாக்கறவங்க எல்லாம் மாசமான்னு கேக்கறாங்க சிஸ்டர். இல்லீங்க, இல்லீங்கன்னு சொல்லியே வாய் வலிக்குது."

மெட்ராஸ் பயணம்

மறுபடி மாத்திரையை ஆரம்பித்தோம். ஆனால் ஒரு சந்தை நாளில், மிளகாய்க் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள், தலையில் இடி விழுந்ததுபோல அலறிச் சாய்ந்திருக்கிறாள். முனியப்பன் ஒரு லாரியை மறித்து ஏற்றி வந்துவிட்டான். ஓயாத வாந்தி. கழுத்து விறைத்திருந்தது. வலது கண் இமை மூடிக்கொண்டது.

"மூளைக்குப் போற குழாய் ஒரு இடத்துல பலூன் மாதிரி புடைச்சுக் கசிஞ்சிருக்கணும். இன்னொரு தடவை வெடிச்சா காப்பாத்த முடியாது" என்றார் டாக்டரம்மா. மெட்ராசுக்கு வேன் கிளம்பியது. நானும் ஏறினேன். கையில் நாடி இல்லாதவளுக்கு எதைப் பிடிப்பது? பாதத்தின் மேல் துடிக்கிற நாடியில் விரலை வைத்தேன், எடுக்கவே இல்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிரைவரைத் திட்டினேன். முனியப்பன் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதான். வாணியம்பாடி தாண்டியதும் அவள் உதடு அசைந்தது. குனிந்தேன்.

"கூசுது சிஸ்டர்... காலை விடுங்க."

திரும்பி வந்தவள்

மெட்ராசில் தொடை வழியாகச் சாயம் ஏற்றிப் படம் எடுத்தார்கள். மூளைக் குழாயில் குன்றிமணி அளவுக்குப் புடைப்பு. மண்டையைத் திறந்து, மறுபடி கசியாதபடி அந்தப் புடைப்பின் அடியில் கிளிப் போட்டார்கள். பிழைத்தாள். வலது இமை மட்டும் பாதிக்குமேல் உயரவில்லை.

முடி குட்டையாக முளைத்த தலையில் முக்காடிட்டு அவள் மாத்திரை வாங்க வந்தபோது, "ஒழுங்கா சாப்பிடறாளா?" என்று முனியப்பனைக் கேட்டேன்.

"நான் எடுத்துக் குடுக்க மறந்தா முறைக்கிறாளுங்க. கண்ணு பாதிதான் தொறக்குது, பயம் முழுசா வருது."

நர்ஸ் வேலையில் நோயாளி குணமாகி வீட்டுக்குப் போய்விடுவார், அவர் கூட்டிவந்த பயம் மட்டும் டிஸ்சார்ஜ் ஆகாமல் நம்மிடமே தங்கிவிடும்.