விளக்காகத் தொங்கும் அம்மாவின் கூடை

இன்று குன்னூரில் ஒரு அலங்காரப் பொருள் கடைக்குப் போனேன். கூரையில் தலைகீழாக, உள்ளே பல்பு எரிய, எங்கம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கும் கூடை!

எடை போடும் இடத்தில் மற்றவர் கூடையோடு மாறிவிடாமலிருக்க அம்மா கட்டிய சேலைக் கிழிசல்கூட அப்படியே இருக்கிறது. தேயிலை விலை விழுந்து ஃபேக்டரி மூடியபோது பழைய சாமான்காரருக்குப் போட்டது.

"அக்கா, இது எங்கம்மாவோடதுங்க. நாளைக்குப் பக்கத்து எஸ்டேட்ல ஆள் எடுக்கறாங்க, கூடை வேணுங்க."

கடைக்கார அக்காவுக்கு ஒரே சந்தோஷம். "அப்படியா! அம்மாவைக் கூட்டிட்டு வா. கூடைக்குக் கீழே நிக்க வெச்சு போட்டோ எடுக்கலாம், கஸ்டமருக்குப் பிடிக்கும்."

வந்ததே கோபம்! "அம்மாவையும் தலைகீழாத்தான் தொங்க விடுவீங்களா?"

வெளியே அனுப்பிவிட்டார்கள்.

உங்க ஊட்டுச் சாமான் ஏதாச்சும் அங்கே தொங்குதான்னு போய்ப் பார்த்துச் சொல்லுங்க. என்னை இனி உள்ளே விடமாட்டாங்க.