கால்குலேட்டருக்குள் ஒரு கிடா

போன வாரம் வாசுதேவநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். என் மனைவிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண். ஏழெட்டு வயதிருக்கும். அம்மாவின் போனை வாங்கி வைத்துக்கொண்டு, அதற்குள் இருந்த ஒரு பூனைக்குட்டிக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். பூனை குடித்தது, ஏப்பம் விட்டது, வயிற்றைக் காட்டிப் புரண்டது. எனக்குக் குழந்தைகளிடம் பேசக்கூட வெட்கம்தான். ஆனாலும் அன்றைக்கு என்னையறியாமல் வாய் திறந்துவிட்டது.

“பாப்பா, இது முழுசா வளந்தப்பொறம் என்ன செய்வாக?”

“ஒண்ணும் செய்ய மாட்டாங்க அங்கிள். வளந்துக்கிட்டே இருக்கும்.”

“அறுக்க மாட்டாகளா?”

அந்தப் பிள்ளை போனை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டது. அதன் அம்மா என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல மாட்டேன். என் மனைவி தொடையில் நகம் பதியக் கிள்ளினாள். சங்கரன்கோவில் வரும்வரை ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தேன். வெட்கத்தால் இல்லை, சிரிப்பு தாங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “என்ன வந்துச்சு உங்களுக்கு?” என்று மனைவி கேட்டாள். பெரிய கதை. உங்களுக்கு நேரம் இருக்கும்போல, உங்களிடம் சொல்கிறேன்.

நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கொஞ்ச வருஷம் அங்கே இங்கே அலைந்துவிட்டு, சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறி ஷெட்டில் சேலைக்கு டிசைன் வரைகிற வேலையில் ஒதுங்கினேன். கிராப் தாளில் கட்டம் கட்டமாகக் கறுப்படிக்க வேண்டும். மாங்காய், கிளி, அன்னம், எது கேட்டாலும் கட்டத்துக்குள் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். வாயைத் திறக்க வேண்டாத வேலை என்பதால் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. டீக்கடையில் நானாக டீ கேட்டதே கிடையாது. யாராவது வந்து “ஒரு டீ” என்று சொல்லும்வரை நின்று, “எனக்கும்” என்பேன். யாருமே வராத மத்தியானங்களில் டீ குடிக்காமல் திரும்பியிருக்கிறேன்.

அப்படிப்பட்ட எனக்கு ஷெரிபு சிநேகிதனானதே, அவன் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறவன் என்பதால்தான். கடையநல்லூர்க்காரன். காலேஜில் கணக்குப் படித்துக்கொண்டிருந்தான். அவன் மாமாவின் ஜவுளிக் கடைக்கு எங்கள் ஷெட்டில்தான் சேலை எடுப்பார்கள். சனிக்கிழமைதோறும் அவன் வருவான். வந்த வேலை முடிந்தாலும் போக மாட்டான்.

ஒரு சனிக்கிழமை அவன் மேல் வளைகுடாப் பெட்டியின் வாசனை அடித்தது. சோப்பு, அத்தர், பால்பவுடர், தலைவலித் தைலம் எல்லாம் ஒரே அட்டைப்பெட்டிக்குள் கிடந்து, கப்பலோ விமானமோ ஏறி, ஒன்றோடொன்று கலந்து வருகிற வாசனை. பெட்டி பிரித்த வீட்டைத் தெருமுனையிலேயே கண்டுபிடித்துவிடலாம். இப்போது எல்லாச் சோப்பும் எல்லா ஊரிலும் விற்கிறது. அந்த வாசனை எங்கேயும் இல்லை.

“அண்ணாச்சி வந்தாச்சா?” என்றேன்.

“அண்ணனும் வந்தாச்சு, எனக்கு விசாவும் வந்தாச்சு வே,” என்றான். சாவு வீட்டுக்கு வழி சொல்கிறவன் மாதிரி இருந்தது குரல்.

மைதீன் அண்ணாச்சி அவனுக்கு மூத்தவர். வாப்பா மௌத்தாகிப் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் அவர் சொன்னதுதான் சட்டம். தன் கம்பெனியிலேயே ஸ்டோரில் நிற்கிற ஒரு வேலையைப் பார்த்து வைத்து, பரீட்சை முடிந்த கையோடு தம்பியைக் கூட்டிப்போக முடிவு செய்துவிட்டார். ஷெரிபுக்கோ மெட்ராஸுக்குப் போய்க் கம்ப்யூட்டர் படிக்க வேண்டும். அதை அண்ணனிடம் சொன்னானாம். “டிவிப் பொட்டி முன்னால உக்காந்து தட்டுறதுக்குப் பேரு படிப்பாலே?” என்று கேட்டுவிட்டாராம். உம்மாவும் அண்ணன் பக்கம்.

பிறகு பையிலிருந்து ஒன்றை எடுத்தான். கால்குலேட்டர். ஆனால் நம் மளிகைக் கடைக் கால்குலேட்டர் இல்லை. கைக்கு அடங்காத பெரிசு, எண்ண முடியாத பட்டன்கள், மேலே ஜன்னல் மாதிரி ஒரு திரை. அங்கே வேலையை விட்டுத் தன் ஊருக்குப் போன ஒரு இன்ஜினியர் அண்ணாச்சிக்குக் கொடுத்துவிட்டுப் போனதாம். அவர் அதில் சிமெண்ட் மூட்டைகளைக் கூட்டுவதோடு சரி. ஷெரிபு ஒரு கணக்கைத் தட்டினான். திரையில் ஒரு கோடு மலைபோல ஏறி இறங்கியது. நான் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். அந்தக் கோடு முழுக்கச் சின்னச் சின்னக் கட்டம். என் கிராப் தாளை யாரோ கண்ணாடிக்குள் வைத்து அடைத்திருந்தார்கள்!

“இதுல கிளி வருமா?” என்றேன்.

“கிளி என்ன வே, உசுரே வரும்,” என்றான்.

அப்போது பேன்சி ஸ்டோர்களில் முட்டை வடிவத்தில் ஒரு பொம்மை தொங்கும். உள்ளே ஒரு குஞ்சு. பட்டனை அமுக்கித் தீனி போட்டு வளர்க்க வேண்டும். அந்த மாதிரி ஒன்றை அண்ணனின் கால்குலேட்டரிலேயே, அண்ணனுக்கே செய்து காட்டினால், படிப்பு என்றால் என்னவென்று அவருக்குப் புரிந்துவிடும் என்பது அவன் திட்டம். கட்டளைகளை அவன் அந்தப் பட்டன்களிலேயே எழுதுவான். படம் என்னுடையது.

என்ன வளர்ப்பது என்பதில்தான் பெரிய விவாதம். அவன் கோழிக்குஞ்சு என்றான். அத்தனை குறைந்த கட்டத்தில் குஞ்சு மைச்சொட்டு மாதிரி இருக்கும் என்றேன். நான் நாய் என்றேன். வீட்டுக்குள்ளே நாயை ஏற்ற மாட்டார்கள் என்றான். பூனை தூங்குவதைத் தவிர என்ன செய்யும் என்று இரண்டு பேரும் கைவிட்டோம். பிறகு ஒரே நேரத்தில் இரண்டு பேர் வாயிலும் வந்தது ஆடு.

முதல் ஆடு முக்காலி மாதிரி வந்தது. இரண்டாவதைப் பார்த்துவிட்டு ஷெரிபு, “தண்ணிக்குடம் நல்லாருக்கு வே, ஆடு எங்க?” என்றான். அப்புறம்தான் எங்கள் பக்கத்துக் கன்னி இன ஆடு நினைவுக்கு வந்தது. கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு, தொங்குகிற காது. அந்தத் திரைக்கென்றே பிறந்த ஆடு. காதைத் தொங்கவிட்டதும் அது திரும்பி எங்களைப் பார்த்தது. நாங்கள் இரண்டு தடிமாடுகளும் நூல் மூட்டைகளுக்கு நடுவே குதித்தோம்.

ஒன்றை அமுக்கினால் வேப்பங்குழை, இரண்டை அமுக்கினால் தண்ணீர், மூன்று பிண்ணாக்கு, நான்கு தடவிக் கொடுப்பது. அந்தக் கால்குலேட்டரில் கடிகாரம் கிடையாது. அதனால் ஒரு முறை திறந்தால் ஆட்டுக்கு ஒரு நாள் என்று வைத்தோம். தீனி போட்டால் எடை ஏறும். போடாவிட்டால் நாலு காலும் மேலே போகும். அதற்கு நான் தனியாக வரையவில்லை, இருந்த படத்தையே தலைகீழாக்கிவிட்டோம்.

“முழு எடை வந்தப்பொறம்?” என்று ஷெரிபு கேட்டான்.

“வந்தப்பொறம் என்ன, அறுக்க வேண்டியதுதான்,” என்றேன்.

“ஆமால்லா!” என்று எழுதிக்கொண்டான்.

சத்தியமாக எங்கள் இரண்டு பேருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் ஆடு வளர்த்தால் கோவில் கொடை விழாவுக்கு. அவன் வீட்டில் பக்ரீதுக்கு. வளர்ந்த ஆடு சும்மா இருந்து நாங்கள் பார்த்ததேயில்லை. கொடைக்கறியா பிரியாணியா என்பதில்தான் கொஞ்சம் தகராறு வந்தது. கடைசியில் பொதுவாக ஒரு பெரிய தேக்சாப் பாத்திரம் வரைந்து, மேலே மூன்று வளைகோடு ஆவி விட்டேன். உள்ளதிலேயே அழகான படம் அதுதான் என்று எங்களுக்கு அப்படியொரு பெருமை.

ஷெரிபு அதைக் கொண்டுபோய் அண்ணனிடம் காட்டினான். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஆட்டுக்குட்டி வரைஞ்சா சோறு போடுமாலே?” என்று சொல்லி, கால்குலேட்டரைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு போய்விட்டாராம். திட்டம் படுத்துவிட்டது என்று நினைத்தோம்.

ஆனால் அடுத்த சனிக்கிழமை ஷெரிபு சொன்ன சேதி வேறு. சவரக் கடையில் அண்ணாச்சி உட்கார்ந்திருக்கிறார், மடியில் ஆடு. சாப்பாட்டுக்கு உம்மா கூப்பிடுகிறார், “இரும்மா, அது இன்னும் தண்ணி குடிக்கல” என்கிறார். ஒரு பொழுதுக்கு எத்தனையோ தடவை திறந்ததில் ஆடு மளமளவென்று வளர்கிறது. ஷெரிபு சந்தோஷத்தில், “இன்னும் கொஞ்சந்தான் அண்ணே, அப்பொறம் தேக்சாதான்!” என்று விஷயத்தை உடைத்துவிட்டிருக்கிறான். அண்ணாச்சியின் கையிலிருந்த டீ கிளாஸ் அப்படியே நின்றுவிட்டதாம்.

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. தீனி போட்டால் எடை ஏறும், தேக்சா வரும். போடாவிட்டால் கால் மேலே போகும். திறக்காமலே இருந்துவிடலாம்; அது அவரால் முடியாது. தம்பியிடம் கேட்கவோ கௌரவம் விடாது. சோறு போடுமா என்று கேட்டவர் அல்லவா.

அப்படித்தான் ஒரு நாள் மைதீன் அண்ணாச்சி எங்கள் ஷெட்டுக்கே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, தங்கக் கலர் வாட்ச், நல்ல உயரம். தறிகள் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. என் முன்னால் நின்று வாயை அசைத்தார். நான் காதைக் காட்டினேன். மறுபடி அசைத்தார். பிறகு மூச்சை நெஞ்சு நிறைய இழுத்துக் கத்தினார்.

“என் ஆட்டை அறுத்துராதிய தம்பீ!”

அந்த நொடியில் கரண்ட் போனது. எல்லாத் தறியும் ஒரே சமயத்தில் நின்றன. அந்த ஒற்றை வாக்கியம் மட்டும் தகரக் கூரைக்குக் கீழே சுற்றிக்கொண்டிருந்தது.

“யாரு ஆடு அண்ணாச்சி? எங்கன கட்டியிருக்கு?” என்று கேட்டுக்கொண்டே தறிக்குத் தார் நூல் சுற்றுகிற செல்லம்மாக்கா எழுந்து வந்தாள். அவர் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த கால்குலேட்டரைத் திறந்தார். ஷெட்டே கூடிவிட்டது.

“அய்ய, நல்ல கன்னிக் கிடால்லா இது! பிண்ணாக்கு வைக்கியளா?”

“வைக்கத்தான் பயமாருக்கு,” என்றார் அண்ணாச்சி பாவமாக, விஷயத்தையும் சொன்னார்.

செல்லம்மாக்கா என் பக்கம் திரும்பினாள். “வாயில்லா ஜீவன அறுக்கதுக்கா இந்த வாயில்லாப் பய படம் போட்டான்?”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இந்த மனுஷன் இப்படியே திரும்பிப் போனால் ஷெரிபு ஸ்டோரில் சாமான் எண்ணத்தான் போவான் என்பது மட்டும் மண்டைக்குள் ஓடியது.

“அண்ணாச்சி, எழுதினது ஷெரிபு. அவன் மனசு வச்சாத்தான் மாத்த முடியும்.”

“வைக்கச் சொல்லுங்க தம்பி.”

“அவன் மனசு மெட்ராஸ்ல கெடக்கு அண்ணாச்சி.”

சொன்னது யார் என்று நானே ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். செல்லம்மாக்கா விடவில்லை. “படிக்க விட்டுருங்களேன். பயலும் பொழைப்பான், ஆடும் பொழைக்கும்.” அண்ணாச்சி திரையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். சரியாக அப்போது கரண்ட் வந்து தொலைத்தது. தறிகள் அலறின. உதடு அசைந்தது தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை. போய்விட்டார்.

சனிக்கிழமை ஷெரிபு பஸ் நிற்கும் முன்னே குதித்து ஓடிவந்தான். “என்னத்த வே சொன்னீரு எங்கண்ணன்ட்ட? விசாவ மாமா மவனுக்குக் குடுத்துட்டான்! கிடாவ மட்டும் காப்பாத்துலேங்கான்!”

முழு எடை வந்தால் குட்டி போடட்டும் என்றேன் நான். “கிடா எப்படி வே குட்டி போடும்?” என்றான். கடைசியில் ஒன்றுமே நடக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். வளர்ந்தபின் அது படுத்து அசைபோடும். அவ்வளவுதான். தாடை இந்தப் பக்கம் ஒரு படம், அந்தப் பக்கம் ஒரு படம். தேக்சாவை அழித்தோம். ஆவிக்காக மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டேன். லீவு முடிகிற வரைக்கும் அண்ணாச்சி அது அசைபோடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். விமானம் பிடிக்கத் திருவனந்தபுரத்துக்கு வண்டி ஏறும்போதும் பெட்டி தலைமேல், ஆடு கையில்.

ஷெரிபு மெட்ராஸ் போனான். அங்கிருந்து பனி கொட்டுகிற ஏதோ ஒரு தேசத்துக்குப் போய் அங்கேயே இருக்கிறான். பெருநாளுக்குப் பெருநாள் போன் செய்வான். இப்போதும் அவனேதான் பேசுவான். ஷெட் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். செல்லம்மாக்கா மகளோடு திருப்பூர் போய்விட்டாள். முட்டைப் பொம்மையை எந்தக் கடையிலும் காணோம்.

மைதீன் அண்ணாச்சி ஊரோடு வந்துவிட்ட பிறகு, கடையநல்லூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு முறை பார்த்தேன். தாடி நரைத்திருந்தது. நலம் விசாரித்துவிட்டு, வெட்கத்தோடு ஆட்டைக் கேட்டேன்.

“அங்க ரூம்ல எட்டுப் பேரு தம்பி. மலையாளத்தான், வங்காளத்தான், பட்டாணியன். ஆளுக்கொரு நாள் அதுக்குத் தண்ணி வைக்கதுக்கு முறை போட்டிருந்தோம். நல்லாத்தான் அசைபோட்டுக்கிட்டு இருந்துச்சு. ஒருத்தன் டிவி ரிமோட்டுக்குன்னு பேட்டரி எல்லாத்தையும் ஒருசேரக் கழட்டிட்டான். திரும்பப் போட்டா எல்லாம் அழிஞ்சு வெறும் கால்குலேட்டர்.”

பஸ் வந்துவிட்டது. அவர் படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

“வெள்ளிக்கிழமை தம்பி அன்னைக்கு. பிரியாணி ஆக்கி வச்சிருந்தோம். ஒருத்தனும் தொடல.”