கம்பம்மெட்டு சைக்கிள் பார்க்கும் ஜோடி சேராத ரெண்டு டயரும்

போன மாதம் திராட்சைப் பந்தலில் கொடிகளைக் கவாத்து வெட்டி முடிந்ததும் எனக்கு நாலு நாள் கை சும்மா இருந்தது. கை சும்மா இருந்தால் என் கால் சைக்கிளைத் தேடும். அப்படித்தான் கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவில், ஒரு ஏலத்தோட்டத்துச் சரிவில் புதிதாகப் போட்டிருக்கிற சைக்கிள் பார்க்குக்குக் கிளம்பினேன். சைக்கிள் பார்க் என்றதும் சைக்கிளை நிறுத்தி வைக்கிற இடம் என்று நினைத்துவிடாதீர்கள். சரிவில் மண் பாதை வெட்டி வைத்திருக்கிறார்கள். ஜீப்பில் சைக்கிளோடு உச்சிக்கு ஏற்றி விடுவார்கள். அங்கிருந்து நாம் உருண்டு வர வேண்டும். சைக்கிளோடு சேர்ந்து உருண்டு வந்தால் நல்லது.

போன வருசம் இதே சைக்கிளில் சுருளி அருவி ரோட்டில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். அதுவும் கவாத்து நேரம். ஒன்றரை ஏக்கர் பந்தலையும் என் வீட்டுக்காரி ஈஸ்வரிதான் ஆள் வைத்து, கூட நின்று முடித்தாள். அதனால் இந்தத் தடவை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"உடம்புல ஒரு சிராய்ப்பு இருந்தாலும் மறுநாளே சைக்கிளை வித்துருவேன். சம்மதம்னா போங்க."

சம்மதம் என்றேன். சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். எனக்கு முதல் சந்தேகம் அங்கேயே வந்துவிட்டது. சுலபமாக விட்டாள் என்றால், விழுவேன் என்று கணக்குப் போட்டுத்தான் விட்டிருக்கிறாள்.

என் சைக்கிள் டயர் ரெண்டும் மொட்டையாகி இருந்தன. சக்கரம் இருபத்தேழரை இஞ்ச். எங்கள் ஊர் சுருளிப்பட்டியிலிருந்து தேனிக்கு பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. கியர் சைக்கிள் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் ரெண்டு டயரை எடுத்துப் போட்டார். முன்னாடிக்கு ஒன்று: மேலே துருத்துகிற ரப்பர் பட்டன் உயரம், இடைவெளி விட்டு இருக்கிறது, ரப்பர் மெத்தென்று இருக்கிறது. விலை 2,650. பின்னாடிக்கு ஒன்று: பட்டன் குட்டை, நெருக்கமாக இருக்கிறது, ரப்பர் கெட்டி. விலை 1,450.

"ஏண்ணே, ஒண்ணு போல இல்லையே?"

"இருக்க வேண்டாம்ணே. முன்டயரு மண்ணப் பிடிக்கணும், பின்டயரு நல்லா ஓடணும். ரெண்டுக்கும் வேலை வேற."

எனக்கா காது குத்துகிறார்? நான் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு, கரிச்சான் பிரிவில், மாடு ஒரு ஜோடி கட்டியிருக்கிறவன். ஜோடி செத்துப்போன ஒற்றை மாட்டை இன்னொரு ஒற்றை மாட்டோடு நிறுத்தி, "சேத்துக் கட்டிப் பாருங்க, பறக்கும்" என்று சொல்லித் தள்ளிவிடுகிற தரகர்களை எத்தனை சந்தையில் பார்த்திருக்கிறேன்! ஜோடி இல்லாமல் தங்கிப்போன டயரை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். கெட்டி ரப்பர் நாள்படத் தேயாது என்று 1,450 டயரிலேயே ரெண்டு கேட்டேன்.

"முன்னாடி அதப் போடாதீக, வளைவுல வழுக்கும்" என்றார்.

விலை கூடினதை விற்க வேறென்ன சொல்வார்? பில் போடச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து, கடைக்காரரை மடக்கின கதையைக் கை கால் ஆட்டி நடித்தே காட்டினேன். ஈஸ்வரி பில்லை மட்டும் கேட்டு வாங்கினாள். விலையைச் சரிபார்க்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை 5.40-க்குக் கிளம்பினோம். வண்டி என் மச்சினன், ஈஸ்வரியின் தம்பி சுருளிவேலுடையது. தினமும் தேனி மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப் போகிற சின்ன லோடு வேன். டீசலுக்கு நான் 600 கொடுத்தேன். பின்னாடி என் சைக்கிளைப் படுக்கப் போட்டுக் கட்டியிருந்தது. அதன் பக்கத்தில் வாய் கட்டின உரச்சாக்கு ஒன்று இருந்தது.

"என்ன மாப்ள அது?"

"ஒண்ணுமில்ல மச்சான். தொடாதீக."

அக்கா அனுப்பின வேவுக்காரன் இவன் என்பது எனக்குத் தெரியும். விழுந்தால் படம் பிடித்து அனுப்ப சாக்குக்குள் ஏதாவது வைத்திருப்பானோ? இல்லை, முதலுதவிச் சாமானா? ரெண்டுமே எனக்கு அவமானம்.

கம்பத்தில் டீக்கு நின்றோம். அங்கிருந்து மலைப்பாதையில் மெட்டு ஏற முக்கால் மணி நேரம். வளைவுகளில் பனி இறங்கியிருந்தது, எதிரே தோட்ட ஜீப்புகள் வந்துகொண்டே இருந்தன. ஓட்டுகிறவர்கள் பொறுமையாகப் போங்கள். செக்போஸ்ட் தாண்டி இன்னும் பதினோரு கிலோமீட்டர். 7.35-க்குப் போய்ச் சேர்ந்தோம். நாள் முழுக்க ஓட்ட, ஜீப்போடு சேர்த்து 800. ஹெல்மெட்டுக்கும் முட்டிக் கவசத்துக்கும் வாடகை 300. "எனக்கு என்ன ஆனாலும் நானே பொறுப்பு" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். ஈஸ்வரியே எழுதிக் கொடுத்த தாள் மாதிரி இருந்தது.

பாதையைப் பார்த்துக்கொள்கிறவர் பிஜு என்ற மலையாளி. என் டயரைக் கட்டைவிரலால் அமுக்கினார். "சேட்டா, எத்தனை காத்து?"

"அம்பது பவுண்டு. கல்லு மாதிரி இருக்கும்."

அவர் கேட்காமல் கொள்ளாமல் குனிந்து வால்வை அமுக்கினார். புஸ்ஸென்று காற்று இறங்கியது. நான் பதறிப் போய் அவர் கையைப் பிடித்தேன். அவருக்குப் பின்னால் "வாடகைக்கு சைக்கிள் உண்டு" என்று போர்டு தொங்கியது. என் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டு அவர் சைக்கிளை எடுக்க வைக்கப் பார்க்கிறாரா? நடக்காது. எங்கள் பக்கம் மூட்டை ஏற்றுகிற வண்டிக்கெல்லாம் காற்று கல்லு மாதிரிதான் இருக்க வேண்டும். பம்பு கேட்டு வாங்கி மறுபடி அம்பதாக்கினேன். பிஜு தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

சுலபமான பாதை 1.2 கிலோமீட்டர். முதல் வளைவு நன்றாக வந்தது. ரெண்டாவது வளைவில் சத்தம் போட்டுச் சிரித்தேன். மூன்றாவதில் செம்மண் மேல் பனி ஈரம். ஹேண்டிலைத் திருப்பினேன், அது திரும்பியது, சக்கரம் மட்டும் நேராகவே போனது. ஏலச்செடிக்குள் கிடந்தேன். கையை அசைத்துப் பார்த்தேன். மணிக்கட்டு பத்திரம். முழங்கையில் மட்டும் நாலு விரல் அகலத்துக்குத் தோல் வழண்டு ரத்தம் கசிந்தது. வலியை விட, சைக்கிள் போச்சே என்றுதான் முதலில் தோன்றியது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கீழே வந்ததும் சுருளிவேல் முதலில் சிரித்தான். முழங்கையைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. போய் உரச்சாக்கை அவிழ்த்தான். உள்ளே ஒரு டயர்: உயரமான பட்டன், மெத்தென்ற ரப்பர். அதே 2,650.

"அக்கா பில்லுல இருந்த நம்பருக்குப் போன் போட்டுக் கேட்டுச்சு. கடைக்காரரு வெவரமாச் சொன்னாராம். மார்க்கெட்டுக்குப் போனப்ப நான்தான் வாங்கியாந்தேன்."

"ஏலே, இதக் காலையிலயே குடுத்தா என்ன?"

"எங்கிட்டு குடுக்க? மெட்டு ஏறுற வரைக்கும் அந்தக் கடைக்காரரை மடக்குன கதைய மூணு தடவை சொன்னீக. நடுவுல எப்படி நீட்டுறது?"

டயரைக் கையில் வாங்கி பிஜுவிடம் போனேன். பத்தே நிமிசத்தில் மாட்டினார். முன்னாடி 28, பின்னாடி 32 என்று காற்றும் வைத்தார். காசு வேண்டாம், சாயா போதும் என்றார். காசு வேண்டாம் என்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்னும் பயம். ஆனால் அதே மூன்றாவது வளைவுக்கு வந்தபோது சக்கரம் மண்ணைக் கவ்விக்கொண்டு, நான் சொன்ன பக்கம் திரும்பியது. மதியத்துக்குள் நாலு தடவை இறங்கினேன். ஒரு தடவை கூட விழவில்லை.

சாயங்காலம் 4.30-க்கு வீடு. பள்ளத்தாக்கில் அனல் அடிக்கிறது, நான் சுருளிவேலின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு இறங்குகிறேன். ஈஸ்வரி மேலும் கீழும் பார்த்தாள்.

"குளிருதாக்கும்? ஸ்வெட்டர் கைய மடக்கி விடுங்க."

மடக்கினேன். முழங்கையைத் திருப்பிக் காயத்தைப் பார்த்தாள்.

"டயரு மாட்டுறதுக்கு முன்னாடி விழுந்ததா, பெறகா?"

"முன்னாடி."

"பெறகு?"

"நாலு தடவை எறங்குனாகக்கா. விழுகவே இல்ல" என்றான் சுருளிவேல். வேவுக்காரன் வாழ்க.

"சரி, சைக்கிளு இருக்கட்டும்" என்றாள். "அந்த வழுக்குற டயர வித்துருங்க. போயி காயத்தக் கழுவுங்க."

போகிறவர்களுக்கு நான் சொல்வது: காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள், பிறகு ஜீப்புக்கு வரிசை. முழங்கைக் கவசமும் கேட்டு வாங்குங்கள், நான் வாங்கவில்லை. முன்டயரில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். காற்றை அங்கே இருக்கிறவர் சொல்கிறபடி வையுங்கள்; ட்யூப் போட்ட டயர் என்றால் ரொம்பவும் இறக்க வேண்டாம், கல்லில் இடித்து ட்யூப் கிழியும். என் எடை 78 கிலோ, அதற்குத்தான் அந்த 28-ம் 32-ம். கடைக்காரரிடம் சந்தேகம் கேளுங்கள், தப்பில்லை. ஆனால் அவர் சொல்கிற பதிலையும் காதில் வாங்குங்கள்.

அப்புறம், என்னிடம் ஒரு டயர் இருக்கிறது. இருபத்தேழரை இஞ்ச், கெட்டி ரப்பர், பின்னாடிக்கு மட்டும் நல்லது. ஓடினது மூன்றே மூன்று வளைவு. ஜோடி இல்லை. எங்கள் ஊரில் நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். நாலு பேரும் டயரை விட்டுவிட்டு, மாட்டுத் தரகரைப் பார்க்கிற மாதிரி என் முகத்தைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள்.