ஏரிக்கு மருந்தடித்த வருஷம்

கல்யாணமாகிப் பூம்பாறையிலிருந்து கொடைக்கானலுக்கு வந்தபோது அப்பா எனக்குச் சீராகக் கொடுத்தது ஒரு சிவப்புப் பசு. டவுனில் மேய்ச்சலுக்கு இடம் கிடையாது. வைக்கோல் வத்தலக்குண்டிலிருந்து லாரியில் ஏறி வரவேண்டும். அதை வாங்கிப் போட்டால் பால் விற்று ஒன்றும் மிஞ்சாது. மாட்டுக்குச் சோறு போட்டது ஏரிதான்.

என் வீட்டுக்காரர் தினக்கூலிக்கு ஏரிப்பாசி எடுக்கிறவர். பாறையில் வழுக்குமே, அந்தப் பாசி இல்லை இது. ஆள் உயரத்துக்கும் மேலே கயிறு கயிறாக வளர்ந்து, தண்ணீருக்கடியில் பின்னிக் கிடக்கும். எந்தத் துரை வீட்டுக் கண்ணாடி மீன்தொட்டியிலிருந்தோ வந்தது என்பார்கள். அறுந்து மிதக்கிற துண்டுகூடப் போன இடத்தில் வேர்விட்டுவிடும். ஆட்கள் படகில் போய் பல் வைத்த வாரிக்கட்டையால் இழுப்பார்கள். கரையோரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அறுப்பார்கள். குவித்ததில் நல்லதாகப் பார்த்து ஒரு சுமை வீட்டுக்கு வரும். மாடு ஆசையாகத் தின்னும்.

ஒரு மார்கழிக் காலையில் பாசி அவர் இரண்டு காலையும் சுற்றி இழுத்துவிட்டது. கூட இருந்தவர்கள் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிப் போட்டார்கள். அன்றைக்கு முழுக்க அவர் அடுப்புக்கு முன்னால் குத்தவைத்து நடுங்கிக்கொண்டே இருந்தார். இடுப்பில் கட்டிக்கொள்ளக் கயிறு வேண்டும் என்று ஆட்களெல்லாம் சேர்ந்து நகராட்சி ஓவர்சியரிடம் கேட்டார்கள். இந்த வருஷம் அதுக்கெல்லாம் பணம் ஒதுக்கவில்லை என்றார் அவர்.

பிறகு கூலிக்கே பணம் இல்லை என்று ஆகிவிட்டது. ஆட்களை நிறுத்திவிட்டு, பாசியைக் கருக்குகிற மருந்து டின்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். படகில் நின்று பம்பு அடிக்க இரண்டு பேர் போதும். அதில் ஒருத்தர் என் வீட்டுக்காரர்.

"இனிமே தண்ணியில எறங்க வேணாம் பிள்ள" என்றார். அவர் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. எனக்கும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது போல இருந்தது.

ஆனால் சாயங்காலம் அவர் சட்டையில் ஒரு வாடை வந்தது. மண்ணெண்ணெயும் பினாயிலும் கலந்த மாதிரி. சீயக்காய் போட்டு அலசியும் போகவில்லை. கொஞ்ச நாளில் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. சாதத்தைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டார்.

"கைக்கு மாட்டிக்க ஏதாச்சும் கேக்கலாம்ல?"

"பம்பு வாங்குனதுலயே கையிருப்பு தீந்துபோச்சாம்."

பாசிச் சுமை மட்டும் வந்துகொண்டே இருந்தது. மருந்து படாத பக்கமாய்ப் பார்த்து அறுத்தது என்றார். ஒருநாள் மாடு அதை மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. 

"ஏங்க, மருந்த இந்தப் பக்கம் கொண்டு வராதேன்னு தண்ணிகிட்ட சொல்லி வச்சிருக்கீங்களா?" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு. இந்தச் சோலியும் போச்சுன்னா எங்க போவ?"

நான் பாசியைக் குழிவெட்டி மூடினேன். ஆனால் அதற்கு முந்தி மாடு தின்றது தின்றதுதானே? எங்கள் பால் போனது மிஷன் பள்ளிக்கூட விடுதிக்கு. சின்னஞ்சிறு பிள்ளைகள். மறுநாள் வெள்ளனே பால் இல்லாமல் வெறுங்கையோடு போய் விடுதி வார்டனம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு நேரே ஓவர்சியரிடம் போனார். திரும்பி வந்து சொன்னார்:

"அது செடிக்கு மட்டுந்தான் விஷமாம்மா. மாட்டுக்கு ஒண்ணும் ஆகாதாம். அப்படியே எழுதிக் குடுங்கன்னு கேட்டேன், பேச்சையே மாத்திட்டார். நீ கோவிச்சுக்காதே, பால நான் வேற எடத்துல வாங்கிக்கிறேன்."

கோபம் எதற்கு? நானே வேண்டாம் என்று சொல்லத்தானே போயிருந்தேன். ஆனாலும் வழியெல்லாம் அழுகை வந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் பெரிய சண்டை. பொம்பளையை அடக்கி வை என்று ஓவர்சியர் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். என் கை கறந்த பாலை நானே சாக்கடையில் ஊற்றினேன். கன்றுக்குட்டியைத்தான் தடுக்க முடியவில்லை. தாய் மடியை முட்டிக்கொண்டு அது குடிக்கும். கால் ஒழுங்காக ஊன்றுகிறதா, கண் தெளிவாக இருக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

ஏரியில் பாசி முதலில் பழுத்தது, பிறகு கறுத்தது, கடைசியில் அழுகி நாறியது. மீன்கள் வயிறு மேலே தெரிய மிதந்தன. அந்த நேரம் பார்த்து சீசன் வந்தது. கீழேயிருந்து வந்த ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார்கள். படகில் ஏற ஆளில்லை. ஹோட்டல்காரர்கள் போய்ச் சத்தம் போட்டார்கள். மறுநாளே மருந்தடிப்பது நின்றது. வீட்டுக்காரர் கைக்காகவோ பிள்ளைகள் குடித்த பாலுக்காகவோ நிற்கவில்லை. நாற்றத்துக்காக நின்றது. பாசி எடுக்கக் கூலிக்குப் பணம் அதற்கப்புறமும் வரவில்லை.

ஆடலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாட்டையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு மலையிறங்கினோம். அங்கே புல்லுக்குப் பஞ்சமில்லை. அவர் கை மெல்ல மெல்ல ஆறியது. கன்று வளர்ந்து அதுவும் ஈன்றது.

"அப்ப அவுக சொன்னது சரிதானோ? நாமதான் வீணா பயந்துட்டமோ?" என்று ஒருநாள் கேட்டார். குத்திக்காட்டக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.  அந்த விடுதிப் பிள்ளைகளை நான் மறுபடி பார்க்கவே இல்லையே.

அந்த வருஷ மழைக்குப் பிறகு காப்பிச் செடிக்கு மருந்தடிக்க ஆள் கேட்டார்கள். மிளகு பறிக்கிறதைவிடக் கூலி அதிகம். அவர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு மிளகு பறிக்கப் போய்விட்டார்.