நிகினாவுக்கு ஒரு துண்டு ஆரஞ்சுச் சுளை

வக்ஷ் பள்ளத்தாக்கின் குளிரில் எலுமிச்சை பிழைக்க வேண்டுமென்றால் அதைக் குழிக்குள்தான் வளர்க்க வேண்டும். நீளமாக வெட்டிய குழியில் மரம் வைத்து, பனிக்காலம் வந்ததும் மேலே கண்ணாடி போட்டு மூடுவார்கள். எலுமிச்சை வளர்க்கும் நஸ்ருல்லோ முன்பெல்லாம் தன் குழிக்குள்ளேயே கிடப்பான். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து மகள் நிகினா பிறந்த பிறகுதான் அவனுக்கு வீட்டு நினைப்பே வந்தது.

பருவத்தின் முதல் எலுமிச்சையை அறுத்துக் குழந்தையின் உதட்டில் தடவி, அது முகம் சுளிப்பதைப் பார்த்துச் சிரிப்பது அவன் குடும்பத்து வழக்கம். கெட்ட வழக்கம்தான், ஆனால் யாருக்கும் அப்படித் தோன்றியதில்லை. ஏழு மாத நிகினாவின் வாயில் அவனும் பாதிப் பழத்தை வைத்து அழுத்தினான். போதாததற்கு, வழிந்த சாற்றைப் பழத்தோலின் எண்ணெய் ஒட்டிய விரலாலேயே துடைத்துவிட்டான். குழந்தை முகம் சுளித்ததும் வீடே சிரித்தது. கொஞ்ச நேரத்தில் வாயைச் சுற்றிச் சிவந்து, குழந்தை வீறிட்டு அழுதது.

"தொடாதீங்க!" மனைவி ஸைனூரா பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். "எத்தனை வருஷம் ஏங்கிப் பெத்த புள்ள! உங்களுக்கு விளையாட்டா இருக்கா?"

ஊர் நர்ஸ் ஸுலைஹோ குழந்தையைப் புரட்டிப் பார்த்தாள். "நாக்கு வீங்கல, வாந்தி இல்ல, மூச்சு நல்லா விடுறா. அதுல ஏதாவது வந்திருந்தா ஆஸ்பத்திரிக்கு ஓடணும். இது புளிப்பு பட்ட எரிச்சல்தான். பாலும் கஞ்சியும் குடிக்கிற வாய்க்கு எலுமிச்சை எதுக்கு தம்பி? கொஞ்சம் வளரட்டும். இனிப்பா கமலா ஆரஞ்சு எடுத்து, விதையையும் சுளைத்தோலையும் நீக்கி, துளியூண்டு பிச்சுக் குடுங்க. புதுசா வேற எதையும் சேர்க்காம ரெண்டு மூணு நாள் பாருங்க."

சிவப்பு மறுநாளே மறைந்தது. ஸைனூராவின் பயம் மறையவில்லை. நஸ்ருல்லோ எவ்வளவு சோப்புப் போட்டுக் கழுவினாலும் அவன் கையை முகர்ந்து பார்த்து, "இன்னும் மணக்குது, தள்ளி உக்காருங்க" என்பாள். பக்கத்துக் குழிக்காரன் ஹோகிம் வேறு, "எலுமிச்சைக்காரன் பொண்ணுக்கே எலுமிச்சை ஆகலையாமே!" என்று வம்பிழுப்பான். மகள் தன்னிடம் ஒட்டாமலே வளர்ந்துவிடுவாளோ என்று நஸ்ருல்லோ குழிக்குள் உட்கார்ந்து அழுதான். மரங்களை விற்றுவிடலாமா என்றுகூட நினைத்தான்.

அடுத்த பனிக்காலம். நிகினா தத்தித் தத்தி நடந்தாள். கமலா ஆரஞ்சு வாங்கி வந்தது ஸைனூராதான். விதை எடுத்து, சுளைத்தோல் உரித்து, நகத்தளவு பிய்த்து ஊட்டினாள். நஸ்ருல்லோ வாசலருகே நின்று பார்த்தான், கிட்டே வரத் துணியவில்லை. நிகினா ஒரு கண்ணை மூடினாள், உடம்பைச் சிலிர்த்தாள், மறுபடி வாயைத் திறந்தாள்.

"இன்னிக்கு இது போதும்டி, கள்ளி" என்றாள் ஸைனூரா.

முகம் சிவக்கவில்லை. வயிறும் கெடவில்லை. மூன்றாம் நாள் இன்னும் கொஞ்சம் கொடுத்தாள், அதற்கும் ஒன்றும் ஆகவில்லை.

அன்று மத்தியானம் நஸ்ருல்லோ பழம் பறித்துக்கொண்டிருந்தபோது, குழியின் படியில் ஸைனூரா மகளோடு இறங்கி வந்தாள். பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் அங்கே வந்ததே இல்லை. அவன் பதறிப்போய் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

"எதுக்கு ஒளிக்கிறீங்க, நிகினா அப்பா? போய்க் கழுவிட்டு வாங்க. காத்துக்கிட்டு இருக்கோம்."

ஓடிப்போய்க் கழுவிவிட்டு வந்தான். அவன் கையை முகர்ந்து பார்க்காமலே அவள் பிள்ளையை நீட்டினாள்.