சானல் வழியே ஒரு கள்ளனைத் தேடி

மலையடிவாரத்தில் எவனோ ஒருவன் எங்கள் தண்ணீரை மறித்துத் திருடுகிறான் என்று நம்பித்தான் இந்தப் பயணத்தைத் தொடங்கினேன். ஐம்பத்திரண்டு வயதில், சர்க்கரை மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு துப்பறியக் கிளம்பியவன் நாஞ்சில் நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

காரணம் என் மச்சினன் செல்வின். மஸ்கட்டில் ஏசி மாட்டிச் சம்பாதித்ததை எல்லாம் போட்டு இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏக்கர் வாங்கி ஏத்தன் வாழை வைத்திருந்தான். பாய்ச்சுவது சொந்தக் கிணற்றிலிருந்து. தை பிறந்ததும் போன் செய்தான்.

“அத்தான், கெணத்து வெள்ளம் உப்புக் கரிக்கு. குலை தள்ளுத நேரம் பாத்துக்கிடுங்க. இது போச்சுன்னா நான் திரும்பவும் மஸ்கட்டுக்குத்தான்.”

கடல் கிளம்பிவிட்டது என்றே முடிவு செய்தேன். நாகர்கோவில் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பரணில் வைத்தேன். வீட்டுக்கும் கடலுக்கும் ஏழெட்டுக் கிலோமீட்டராவது இருக்கும். மனைவி பரணையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அதன்பிறகுதான் மூளை வேலை செய்தது. கடல் ஏன் உள்ளே வருகிறது? ஆற்றுத் தண்ணீர் வரவில்லை. ஏன் வரவில்லை? கள்ளன்.

மறுநாள் காலை ஆறரைக்குக் கோட்டாறு ஷாகுலின் ஸ்கூட்டரில் புறப்பட்டோம். ஷாகுல் என் பள்ளித்தோழன், பலசரக்கு மொத்த வியாபாரி. பெட்ரோல் முன்னூறு ரூபாய், என் செலவு. பேச்சிப்பாறை அணை நாற்பது கிலோமீட்டர் சொச்சம்.

“ஏன்டே, மூஞ்சியே தெரியாம ஹெல்மெட்டப் போட்டிருக்க?”

“அடையாளம் தெரியப்படாதுல்லா.”

“மக்கா, ஒனக்க தொப்பைய வச்சே ஜில்லா முழுக்க அடையாளம் சொல்லிருவான்.”

திருவட்டாரைத் தாண்டியதும் சானலுக்குள், அதாவது அணையிலிருந்து வருகிற கால்வாய்க்குள், ஒரு பச்சைக் குழாய் கிடப்பதைக் கண்டேன். பலாமரத்தின் பின்னால் ஒளிந்து படம் எடுத்தேன். குழாயின் மறுமுனையில் ஒருவர் பசுவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். “பசு மட்டும் போருமா, நானும் நிக்கணுமா?” என்று கேட்டார். அவரும் நின்றார். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது.

குலசேகரத்தில் புட்டு, பயறு, பப்படம். இரண்டு பேருக்கும் நூற்றிருபது ரூபாய். ரப்பர் தோட்டங்களின் குளிர்ச்சியில் அரை மணி நேரம் போனதும் அணை. தண்ணீர் இருந்தது. மதகு திறந்திருந்தது. இரைச்சலில் ஷாகுல் பேசியது கேட்கவில்லை, ஆனால் சிரிப்பது தெரிந்தது.

பிறகு தண்ணீரோடு தண்ணீராகக் கீழே வந்தோம். மதியம் இரண்டு மணிக்கு எங்கள் பக்கம் வருகிற கிளைச் சானலைப் பிடித்தோம். கரை, அடி எல்லாம் புதுக் கான்கிரீட். தண்ணீர் யாரையும் திரும்பிப் பார்க்காமல் ஓடியது. கரையோரத் தாழம்புதர் மட்டும் காய்ந்து நின்றது. படியில் துணி துவைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் கள்ளனைப் பற்றி விசாரித்தேன்.

“கள்ளனா? சானலு நெறஞ்சு போவுது, பத்தடி தள்ளி எனக்க கெணத்துல மண்ணு கெடக்கு. சிமென்ட் போட்டு முடிச்ச அன்னைக்கு லட்டு தந்தாவ. நானும் ரெண்டு தின்னேன்.”

சற்றுத் தள்ளி ஜீப்பில் ஒரு இளம் பொறியாளர் நின்றிருந்தார். நல்ல பெண். என் முகத்தைப் பார்த்துக் குடிக்கத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்.

“முன்னாடி விட்டதுல பாதி மண்ணுக்குள்ள போயிரும் சார். அவ்வளவும் இழப்பு. இப்ப ஒரு சொட்டு இறங்காது. மிச்சமான தண்ணிய கடைமடைக்கும் குடிநீருக்கும் ஒதுக்கியாச்சு.”

“எனக்க மச்சினன் கிணறு?”

“கிணறுன்னா நிலத்தடி நீர் சார். அது வேற ஆபீஸ்.”

மண்ணுக்குள் போனது என்று அவர் சொன்னாரே, அந்த மண்ணுக்கு இன்னொரு பெயர் என் மச்சினன். மேலே ஓடினால் ஒரு ஆபீஸ் எண்ணுகிறது. கீழே இறங்கிக் கிணற்றில் ஊறினால் இன்னொரு ஆபீஸ் எண்ணுகிறது. இறங்குகிற நேரத்தில் மட்டும் அது யாருடைய தண்ணீரும் இல்லை, இழப்பு. அந்த இழப்பில்தான் கரையோரக் கிணறுகள் ஊறின. அதுதான் கடலின் உப்பைத் தள்ளி நிறுத்தியிருந்தது. ஒரே தண்ணீர்தான். ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் பிடித்தோம் என்கிறார்கள். கடைமடை வயல்களைச் சும்மா சொல்லக்கூடாது, பச்சையாக நின்றன. அவர்களும் எத்தனையோ வருடம் காத்திருந்தவர்கள். யாரைப் போய்த் திட்டுவது?

ஐந்து மணிக்குச் செல்வினின் தோட்டம். சானல் முடிகிற இடத்திலிருந்து அரைக் கிலோமீட்டர். வாளியில் கோரிக் கொடுத்தான். குடித்துத் துப்பினேன். நடந்ததைச் சொன்னேன்.

“அப்போ கள்ளன் ஆரு அத்தான்?”

“ஒருத்தனும் இல்லடே.”

“ஒருத்தனும் இல்லன்னா எவன் மேல கேஸு குடுக்க?”

ஷாகுல் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

இரண்டு ஆபீசிலும் மனு கொடுத்தோம். இரண்டும் மற்றதைக் கைகாட்டின. மாசி முடிவதற்குள் வாழை இலைகள் விளிம்பிலிருந்து கருகின. காய்கள் விரல் பருமனோடு நின்றுவிட்டன. செல்வின் குலைகளை வெட்டிப் பக்கத்துவீட்டு மாடுகளுக்குப் போட்டான். பங்குனியில் திருவனந்தபுரத்தில் மஸ்கட் விமானம் ஏறினான்.